தரை தட்டும் வண்டி

சேக்காட்டில் லட்சுமணனைப் பார்த்திராதவர்கள் உண்டு, அவர் குரலைக் கேட்டிராதவர்கள் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் கத்துவார். வந்தால், கலங்கலாக வருகிறது என்று கத்துவார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கு ஃபிட்டராக வந்தவர், குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பிறகு சேக்காட்டில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு குடிவந்தார். அவர் காலி செய்துகொண்டு போன அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியிருப்பார்கள்.

மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அது அவருக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. ஆனால் இந்த இரண்டு மாதமாக இருந்தது வேறு ரகம். இதற்கு நாலு சக்கரம் இருந்தது. வெள்ளையாக, வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் காரை அவர் ஆசைப்பட்டுத்தான் வாங்கினார். மகள் லாவண்யாவைக் குமணன்சாவடியில் அருள்மொழிக்குக் கட்டிக்கொடுத்த கையோடு, மகள் வந்துபோக ஒரு வண்டி வேண்டாமா என்று பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இப்போது லாவண்யாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்ததும் மகளை இந்த வண்டியில் உட்காரவைத்துச் சேக்காட்டுக்குக் கூட்டி வரவேண்டும் என்று லட்சுமணன் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கென்று முன்னறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தார். அது கோணலாக இருக்கிறதென்று கொத்தனாரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, பிடுங்கித் தானே திரும்பப் பதித்தார். இந்த மனுஷனுக்கு அன்பு வந்தால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்.

வண்டி வாங்கினாரே தவிர ஓட்ட வராது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக்கொடுக்க வந்தவனிடமே, கிளட்ச் மிதிக்க எனக்கு நீ சொல்லித்தரயா என்று எகிறி, வண்டியை ரோட்டு நடுவில் விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். அதனால் சாவி மகன் அஸ்வின் கைக்குப் போனது.

அஸ்வின் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறான். அப்பாவுக்கு நேர்மாறு, வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். நல்ல பையன். ஆனால் நல்ல பையன்களுக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும். இவனுக்குக் கார்க் கிறுக்கு. லட்சுமணனும் அவர் மனைவி புஷ்பாவும் ஒரு காதுகுத்துக்காக வந்தவாசி போய்விட்டுத் திரும்பியபோது, ஆவடி பஸ் நிலையத்தில் வண்டியோடு வந்து நின்றான். லட்சுமணன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இன்னாடா, நாலு டயர்லயும் காத்து எறங்கிப் போச்சா?”

“இல்லப்பா. லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கேன்.”

“இன்னாது?”

“கம்பெனி ஸ்பிரிங்க கழட்டிட்டு, அதவிட குட்டையா, கெட்டியா கீற ஸ்பிரிங் போட்டா வண்டி தாழ்ந்துடும்பா. வளைவுல சும்மா ரோட்ட ஒட்டிகினு போவும். ஆடவே ஆடாது.”

முன்பு டயருக்கும் அதன் மேலிருக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை நுழைக்கலாம். இப்போது தீப்பெட்டி நுழைந்தால் பெரிசு. பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்ததும் அந்த இடமும் இல்லாமல் போனது. லட்சுமணன் அங்கேயே ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பஸ்ஸை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அஸ்வின் சொன்னதில் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிநேகிதர்களோடு வெளிவட்டச் சாலைக்குப் போவான். அங்கே வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். சரி, அது ஒரு ரோடு. மற்ற ரோடெல்லாம் யார் அப்பன் வீட்டு ரோடு? ஆவடியில் ஒரு ரோடாவது ரோடு மாதிரி இருக்கிறதா? மழைக்கு முன்னால் கேபிளுக்குத் தோண்டுகிறான், மழை பெய்யும்போது குழாய்க்குத் தோண்டுகிறான், மழை விட்டதும் சாக்கடைக்குத் தோண்டுகிறான். மூடுகிறவன் மட்டும் எங்கே போகிறான் என்று தெரியவில்லை. இது போதாதென்று ஸ்பீட் பிரேக்கர். சேக்காட்டில் வீடு கட்டுகிற எவனும் மிச்சமான ஜல்லியை வீணாக்குவதில்லை. ராவோடு ராவாகத் தன் வாசலுக்கு நேரே ரோட்டின் குறுக்கே ஒரு மேட்டைப் போட்டுவிடுகிறான். ஒருத்தன் முழங்கால் உயரத்துக்குப் போடுகிறான், ஒருத்தன் கத்தி மாதிரி கூராகப் போடுகிறான். கேட்டால், குழந்தைகள் விளையாடுகிற இடம் என்கிறான். அந்தக் குழந்தைகள் மீசை முளைத்து வேலைக்குப் போய்விட்டார்கள், மேடு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்த ஊரில் வண்டியை உயர்த்துகிறேன் என்று ஒருத்தன் சொன்னால் அவனுக்கு மாலை போடலாம். தாழ்த்துகிறேன் என்றால் என்ன செய்வது?

வீட்டில் புது வழக்கம் ஒன்று வந்தது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் டயர் மேல்தகரத்தில் உரசும், அடி தரையில் தட்டும். ஆகவே பெரிய மேடு வந்தால் அஸ்வின் வண்டியை நிறுத்திவிட்டு, “அப்பா, செத்த எறங்கிக்கிறியா?” என்பான். லட்சுமணனும் புஷ்பாவும் இறங்கி ஓரமாக நிற்பார்கள். அவன் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை ஏற்றி, அடுத்ததை ஏற்றி, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குகிற மாதிரி அந்தப் பக்கம் இறக்குவான். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். இவர்கள் நடந்து மேட்டைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார்கள். அடுத்த தெருமுனையில் மறுபடி இறங்க வேண்டும்.

ஒருநாள் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான்: “இன்னா அண்ணாத்தே, நீ வண்டில போறியா, இல்ல வண்டிய வாக்கிங் இட்டுகினு போறியா?”

லட்சுமணன் அவனை அடிக்கப் போக, புஷ்பா கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

பள்ளம், மேடு, மணல், சேறு எதையும் பார்க்காமல் ஏறிப்போகிற டாங்க்குக்குச் சக்கரம் மாட்டுகிற கை அவருடையது. அந்த மனுஷன் ஒரு சாண் சிமெண்டு மேட்டுக்கு முன்னால், கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குகிறார். வயிறு எரியாதா? எரிந்தது. எரிந்ததை எல்லாம் அஸ்வின் தலையில் கொட்டினார். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அதுவும் அவருக்குக் கோபம்.

இப்படி இருக்கும்போது சம்பந்தி வீட்டார் வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தார்கள். கோவிந்தராஜ் குமணன்சாவடியில் மாவு மில் வைத்திருப்பவர், பேச்சு குறைச்சல். பேச வேண்டியதை அவர் மனைவி சுலோசனா பேசிவிடுவாள். அன்றைக்கு நல்ல மழை. பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை அழைத்துவர லட்சுமணனும் அஸ்வினும் வண்டியோடு போனார்கள். சம்பந்திகள் பின்சீட்டில், லட்சுமணன் முன்சீட்டில். சுலோசனா மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு, அதில் லாவண்யா கொடுத்தனுப்பிய சோமாஸ்.

தெருமுனை மேட்டுக்கு முன்னால் அஸ்வின் வண்டியை நிறுத்தினான். இரண்டு பக்கமும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தயங்கித் தயங்கிப் பின்னால் திரும்பினான்.

“அத்த, மன்னிச்சிக்கோங்க, ஒரு நிமிஷம்...”

சம்பந்தியம்மாவைச் சேற்றில் இறக்கிவிடுவதா? லட்சுமணனுக்குத் தலையில் ஏறியது.

“யாரும் எறங்க வேணாம். ஏத்துடா.”

“அப்பா, அடி தட்டும்...”

“ஏத்துடான்றேன்!”

அவர் போட்ட சத்தத்தில் அவன் கால் தானாக அழுத்திவிட்டது. வண்டி மேட்டில் ஏறியது, ஏறிய வேகத்தில் விழுந்தது, அடியில் டமார் என்று ஒரு சத்தம். கெட்டி ஸ்பிரிங், வாங்கிய அடியை அப்படியே மேலே அனுப்பிவைத்தது. சுலோசனா தலை கூரையில் மோதியது. தூக்கு பறந்து சோமாஸெல்லாம் சீட்டில் சிதறின. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ அம்மா” என்றாள். கோவிந்தராஜ் முதன்முறையாக வாயைத் திறந்து, “மெதுவா தம்பி” என்றார்.

வீட்டில் காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகு சுலோசனா பேசினாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளத்தாச்சிய இந்த வண்டில அனுப்ப எனக்கு மனசு இல்ல. அன்னிக்கி ஒரு நாள்னா டாக்சி வெச்சிக்கலாம். அப்பறம்? வலி எடுத்தா இதுல போட்டுகினு தான ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்க? இந்த ரோட்டுல? பிரசவம் எங்க ஊட்லயே ஆவட்டும். நான் பாத்துக்கறேன்.”

சம்பந்தியிடம் கத்த முடியாது. லட்சுமணனுக்கு அது பெரிய தண்டனை. பல்லைக் கடித்துக்கொண்டு, “பார்க்கலாம்மா” என்றார். அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். ஆட்டோ திருப்பத்தில் மறைந்ததும் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஆரம்பித்தார். அவளுக்கு என்ன திமிர், என் பெண்ணைப் பெற்றவன் நானா அவளா, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பாத வீடு உலகத்தில் உண்டா, எல்லாம் இவனால், இந்தக் குட்டை ஸ்பிரிங்கால். அவர் சொன்னதில் ஒன்றுமட்டும் நியாயம். தன் வீட்டில் மகள் வந்து இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது நிஜமான ஆசை. அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களே. அழத் தெரியாத மனுஷன். அதனால் கத்தினார்.

கத்தி முடித்து மகனிடம் திரும்பினார்.

“வளைகாப்புக்குள்ள பழைய ஸ்பிரிங் வண்டில இருக்கணும். எப்டி நின்னுச்சோ அப்டி நிக்கணும். புரிதா?”

“சரிப்பா,” என்றான் அஸ்வின். உடனே சொன்னான். அக்காவுக்காக என்றால் அவன் வண்டியையே விட்டுக்கொடுப்பான்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங் நாலையும் கோணியில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தான். போய்ப் பார்த்தால் கோணி இல்லை. படிக்குக் கீழே பழைய சைக்கிள் ஸ்டாண்டும் இல்லை, உடைந்த குழாயும் இல்லை. சுத்தமாகப் பெருக்கிவிட்டமாதிரி இருந்தது.

“எவன்டா எடுத்தது?” என்று லட்சுமணன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். “இந்த ஊட்ல வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்குதா? எவன் எடுத்தது?”

புஷ்பா சமையலறையில் இருந்தாள். சாயங்காலத்தில் வழக்கமாக லாவண்யா வீடியோவில் பேசுவாள், போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு புஷ்பா வேலை பார்ப்பாள். அன்றும் அப்படித்தான். வெளியே வந்து சொன்னாள்:

“நீங்கதான் எடுத்தீங்க.”

“நானா?”

“கால்ல இடிச்சிகிச்சுன்னு பழைய இரும்புக்காரன கூப்ட்டு தூக்கிப் போடலியா? பதிலுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் டப்பு வாங்கியாந்தீங்களே, அதுலதான் நான் துணி ஊற வெக்கறேன்.”

லட்சுமணனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பு எடுக்கக் குனிந்தார், கோணி காலில் இடித்தது. கட்டைவிரல் நகம் பெயர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து, பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் சாமான் என்று ஸ்பீக்கர் கட்டிய மூணு சக்கர வண்டி தெருவில் வந்தது. கோணியை முடிச்சு அவிழ்க்காமல் தூக்கி வண்டியில் வீசினார். கூடவே அங்கிருந்த இரும்பை எல்லாம் வீசினார். முடிச்சை அவிழ்த்திருந்தால், இத்தனை வருஷம் இரும்போடு இரும்பாகக் கிடந்த மனுஷனுக்கு உள்ளே இருப்பது நல்ல ஸ்பிரிங் என்று தெரியாமலா போயிருக்கும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

தப்பு தன் மேல் என்று தெரிந்ததும் சிலருக்குக் குரல் தாழும். இவருக்கு ஏறும்.

“அதுல ஸ்பிரிங் கீதுன்னு எவனாவது எங்கிட்ட சொன்னீங்களா?”

“நான் சொல்லத்தான் ஓடியாந்தேன். நீங்க வாயத் தெறக்க உட்டீங்களா?”

லட்சுமணன் கையில் கிடைத்த சொம்பை எடுத்துச் சுவரில் எறிந்தார். அது சுவரில் பட்டு, தரையில் விழுந்து, சமையலறை வரை உருண்டு போனது. புஷ்பா திரும்பி நடந்தாள். உள்ளே போய், ஜாடியில் சாய்ந்திருந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். லாவண்யா லைனில் இருந்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அப்பாவும் மகனும் பருத்திப்பட்டுப் பக்கம் முகமது இஸ்மாயிலின் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். சேக்காட்டில் சுற்றுகிற மூணு சக்கர வண்டிகள் எல்லாம் அங்கேதான் கொண்டு கொட்டும். இஸ்மாயில் நாற்காலியில் உட்கார்ந்து தராசுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் பாய், நல்ல சாமானு வந்தா கேக்க மாட்டீங்களா? இது யாருது, எதுக்குப் போடறாங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?” என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார் லட்சுமணன்.

இஸ்மாயில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நானா அண்ணாத்தே உங்க ஊட்ல வந்து தூக்கினு வந்தேன்? நீங்க போட்டீங்க, அவன் எடுத்தான். கத்தறவங்களுக்கு நான் சாமான் தேடித் தரமாட்டேன். போயிட்டு வாங்க.”

அதற்கு மேல் எவ்வளவு கத்தியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. லட்சுமணன் வெளியே வந்து, கல்லை ஒரு உதை உதைத்தார். நகம் போன விரல் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அஸ்வின் உள்ளேயே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்தான்.

“மேனாம்பேட்டுல மஸூத்னு ஒரு மெக்கானிக் அன்னிக்கே எடுத்துனு போயிட்டாராம்ப்பா. பாய் நம்பர் குடுத்தாரு.”

“உனக்கு மட்டும் எப்டிக் குடுத்தான்?”

“கேட்டேன். குடுத்தாரு.”

மஸூத் ஷெட்டில் ஸ்பிரிங் நாலும் ஆணியில் தொங்கின. இதே மாடல் வண்டி ஒன்றுக்காக வாங்கி வைத்திருக்கிறேன், சும்மா தரமுடியாது என்றார் மஸூத். வேண்டுமானால் வண்டியில் இருக்கிற லோயரிங் ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள் என்றார். அஸ்வின் ஒரு நொடி யோசித்தான். அந்த ஸ்பிரிங்குக்காக எவ்வளவு நாள் ஓவர்டைம் பார்த்தான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சரிண்ணா என்றான். சனிக்கிழமை முழுக்க ஷெட்டிலேயே கிடந்து, அவனும் மஸூத்துமாகக் கழற்றி மாட்டினார்கள். சாயங்காலம் வண்டி பழைய உயரத்துக்கு நிமிர்ந்து சேக்காட்டுக்கு வந்தது. லட்சுமணன் டயருக்கு மேலே கையை நுழைத்துப் பார்த்தார். தெருமுனை மேட்டில் ஏற்றி இறக்கச் சொன்னார். புஷ்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து இன்னொரு முறை ஏற்றி இறக்கச் சொன்னார். வண்டி பூப்போல ஏறி இறங்கியது. அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. மகனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். “இத மொதல்லயே செஞ்சிருந்தா எனக்கு ஏன் இந்த அவஸ்த” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடியில் வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. புஷ்பா விடியற்காலையில் எழுந்து ஐந்து வகைச் சாதம் கிண்டி எடுத்துப் போயிருந்தாள். லாவண்யாவை மணையில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலாக அடுக்கினார்கள். லட்சுமணன் பந்தலில் இருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். மகள் முகம் சற்று வீங்கியிருந்தது. எல்லாம் நம் வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் சுலோசனாவை வாசலுக்குக் கூப்பிட்டார். குரலில் வெற்றி இருந்தது.

“வந்து பாருங்கம்மா. கம்பெனிலேந்து எப்டி வந்துச்சோ அப்டி நிக்கிது. ஏறி உக்காந்து பாருங்க. எந்த மேட்டுல வேணா ஏத்தச் சொல்றேன்.”

சுலோசனா வண்டியைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, மணையில் உட்கார்ந்திருந்த லாவண்யாவைப் பார்த்தாள்.

“வண்டி நல்லாதான் கீது அண்ணா.”

“அப்பறம் இன்னா? பொட்டிய எடுத்து வெக்கச் சொல்லுங்க. ராகுகாலத்துக்கு முன்ன கெளம்பணும்.”

அவள் நகரவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, அது வந்து... இன்னும் ஒரு ரெண்டு வாரம் போவட்டுமே.”

அவ்வளவுதான். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

“இன்னும் இன்னாம்மா கொற? ஸ்பிரிங்கு மாத்தச் சொன்னீங்க, மாத்தியாச்சு. பொண்ண பெத்தவன் வந்து வாசல்ல பிச்சக்காரன் மாதிரி நிக்கறேன், இன்னும் ரெண்டு வாரமா? எம்பொண்ண அனுப்பமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு? நாங்க இன்னா அவள சோறு போடாம கொன்னுடுவோமா?”

உள்ளே நலுங்குப் பாட்டு நின்றுபோனது. பந்தலில் தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சுலோசனா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. மற்ற நாளாக இருந்தால் லட்சுமணன் இதற்கு இரண்டு மடங்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். கண்ணில் தண்ணீரோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“அப்பா, அத்தைய திட்டாத.”

லாவண்யா வாசற்படிக்கு வந்திருந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ உள்ள போம்மா. நான் பேசிக்கறேன்.”

“அத்த ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்லச் சொன்னேன்.”

“இன்னா சொல்லச் சொன்ன?”

“பிரசவத்துக்கு அங்க வரலன்னு. உங்கிட்ட நேரா சொல்ல பயமா இருந்துச்சு. அன்னிக்கி வண்டில தல இடிச்சதும், அத்த அதையே சாக்கா சொல்லிட்டாங்க. கெட்ட பேரு எனக்கு வரட்டும், நீ சும்மா இருன்னாங்க. நீ ஸ்பிரிங்கெல்லாம் தேடிப்புடிச்சு வண்டிய தூக்கினு வந்து நிப்பேன்னு நாங்க நெனக்கலப்பா.”

லட்சுமணனுக்குக் காதில் விழுந்தது புரிய நேரம் பிடித்தது.

“இன்னா பயம்? நான் உன்ன ஒரு நாளு அடிச்சிருக்கனா? கை ஓங்கியிருக்கனா?”

“இல்லப்பா. அடிச்சதில்ல.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீ வாசல் கேட்ட தெறக்கற சத்தம் கேட்டா நானும் தம்பியும் டிவிய நிறுத்திட்டு புக்க எடுத்துப்போம். அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கும். நீ சிரிச்சிகினே வந்தாலும் அப்டிதான். நீ எப்ப கத்துவேன்னு எங்களுக்குத் தெரியாது இல்ல? இப்ப எனக்கு பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் ஒவ்வொரு வாட்டியும் திட்றாங்க. அன்னிக்கி நீ சொம்ப எறிஞ்சியே, நான் போன்ல இருந்தேன். வயித்துல புள்ள துள்ளிச்சுப்பா. அப்டி அது துள்ளினதே இல்ல. இங்க ஒருத்தரும் கத்தறதில்ல. நான் இங்கயே இருக்கேனே.”

லட்சுமணன் புஷ்பாவைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்வாள் என்று பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அஸ்வினைப் பார்த்தார். அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மருமகன் அருள்மொழி எங்கோ பார்த்தான். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்ன அந்தத் துள்ளல் அவர் நெஞ்சிலேயே விழுந்தமாதிரி வலித்தது. பேரப்பிள்ளை தன் குரலை முதலில் கேட்டது அப்படியா? அவருக்கு யார் மேலாவது கோபம் வரவேண்டும் என்று இருந்தது. ஆள் ஒருத்தரும் கிடைக்கவில்லை.

ஓர் அடி முன்னால் எடுத்து வைத்து, வாயைத் திறந்தார்.

அஸ்வின் சட்டென்று நிமிர்ந்தான். புஷ்பாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. லாவண்யா வளையல் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். சுலோசனா, இத்தனை நேரம் திட்டு வாங்கிக்கொண்டு குனிந்து நின்றவள், இரண்டு எட்டில் வந்து லாவண்யாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

அவர் சொல்ல வந்தது, “சரிம்மா, இங்கயே இரு” என்பதுதான்.